விட்டுப்போனவள் போட்ட டீ

ஊரே என்னைக் கரித்துக்கொட்டிக்கொண்டிருந்தது. கட்டின புருஷனைத் தவிக்க விட்டுவிட்டுப் போன கல்நெஞ்சக்காரியாம் நான். நானோ இங்கே அவர் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன்.

எல்லாம் அந்த ஆல்பத்தால் வந்த வினை. பத்துப் பாட்டு, அத்தனையும் ராக். கிதார், டிரம்ஸ், குரல் எல்லாம் அவர் ஒருவரே. படுக்கையறை ஜன்னலுக்கு மெத்தையை அண்டக்கொடுத்துப் பதிவுசெய்தார். ஒருத்தி போய்விட்டாள், வீடு வெறிச்சென்று கிடக்கிறது என்பதுதான் பத்துப் பாட்டும். எழுதியது கற்பனை. விமர்சகர்களோ அதை வாழ்க்கை என்று எடுத்துக்கொண்டு, இப்படியொரு வெறுமையைக் கேட்டதே இல்லை என்று தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள். முதல் பேட்டியில், "அவங்க திரும்பி வருவாங்களா?" என்று கேட்டபோது இவர் பேசாமல் தலையைக் குனிந்துகொண்டார். அன்றிலிருந்து உலகத்தைப் பொறுத்தவரை நான் போனவள் போனவள்தான்.

அந்த வெறுமை எப்படி வந்தது என்று எனக்கல்லவா தெரியும். பதிவு நடக்கும்போது ஃபேன் ஓடக்கூடாது. ஃபிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். நானும் இருக்கக்கூடாது. செருமினால்கூட மைக் பிடித்துவிடுமாம். மூக்குக்கண்ணாடிக் கடையில் நாளெல்லாம் லென்ஸ் பொருத்திவிட்டு வந்து, மாடிப்படியில் உட்கார்ந்திருப்பேன். உள்ளே அவர் ஆளில்லாத வீட்டை நினைத்து உருகி உருகிப் பாடுவார். முடிந்ததும் எனக்குக் கதவைத் திறப்பார், ஃபிரிட்ஜை மாட்ட மறந்துவிடுவார். எத்தனை நாள் பால் திரிந்துபோயிற்று! கோபம் வரவில்லை என்றால் பொய். ஆனால் பாட்டு நன்றாகத்தான் இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பெரிய பத்திரிகையிலிருந்து நிருபர் வருவதாக இருந்தது. முந்தின நாளே இவர் என் பின்னால் சுற்ற ஆரம்பித்துவிட்டார்.

"நாளைக்கு மத்தியானம் உன் தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டு வாயேன்."

"எதுக்குங்க?"

"சும்மாதான். அவளும் கூப்பிட்டுக்கிட்டே இருக்கால்ல."

"நான் இந்த வீட்டுலதான் இருக்கேன்னு தெரிஞ்சா உங்க பாட்டு செத்தா போயிடும்?"

அவர் கிதாரை எடுத்துச் சுருதி சேர்க்க ஆரம்பித்துவிட்டார். நான் போகவில்லை. 'இவதான் என் மனைவி' என்று வெளியாள் முன்னால் அவர் வாயால் ஒரு தடவை கேட்டுவிட வேண்டும் என்று இருந்தது எனக்கு.

வந்தது ஒரு சின்னப் பெண். டீ கொண்டுபோனேன். அவள் எழுந்து நின்று, "நீங்க...?" என்று இழுத்தாள்.

"அக்கா," என்றார் இவர். "என் அக்கா."

தட்டை மேஜையில் வைத்தேன். அந்தப் பெண் பரிவோடு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க தம்பி மனைவி எப்படிப்பட்டவங்கக்கா?"

சரி, அக்கா என்றால் அக்காவாகவே இருந்துவிட்டுப் போகிறேன். கல்யாணமாகிப் பதினோரு வருஷமாகச் சொல்லக் கிடைக்காத வார்த்தை வாயில் வந்து நின்றது.

"நீயே சொல்லேன்டா, தம்பி."

அவர் முகம் வெளிறிப்போனது.

"சொல்ல மாட்டான்," என்றேன். "அவ நல்லவம்மா. பாட்டுக்கு இடைஞ்சலா இருக்கக் கூடாதுன்னு சத்தம் போடாம இருமப் பழகிக்கிட்டா. இவன் என்ன சொன்னாலும் சரி சரின்னு கேட்டா. அதுதான் அவ செஞ்ச தப்பு."

பேசிக்கொண்டிருந்தது என்னைப் பற்றி என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது.

"போதும்," என்றார் இவர். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். "இவ அக்கா இல்ல. என் மனைவி. எங்கயும் போகல."

கேட்டுவிட்டேன். ஒரு நிமிஷம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அந்தப் பெண் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு பதிவுக் கருவியை அணைத்தாள்.

"சார், இதை எழுதினா ஆல்பத்தைப் பத்தி எல்லாரும் வேற மாதிரி பேசுவாங்க. எழுதவா, வேண்டாமா? நீங்களே சொல்லுங்க."

அவர் என்னைத்தான் பார்த்தார். "நீ என்ன சொல்ற?"

அவருடைய வாய், அவருடைய பாட்டு, அவருடைய பொண்டாட்டி. பதில் மட்டும் நான் சொல்ல வேண்டுமாம். அவராகச் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். அவர் டீ டம்ளரைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கான்னே போடும்மா," என்றேன்.

பிடித்துவைத்திருந்த மூச்சை அவர் மெல்ல விட்டார். அந்தப் பொய்யைக்கூட மன்னித்திருப்பேன். அந்த நிம்மதியை என்னால் தாங்க முடியவில்லை. சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

மறுநாள் காலை நாலு துணியைப் பையில் திணித்தேன். தங்கச்சிக்கு வரேன் என்று போன் பண்ணியிருந்தேன். அவர் செய்தித்தாளோடு வாசல்வரை வந்தார்.

"போறேன்," என்றேன்.

"என்ன பேச்சு இது? போயிட்டு வரேன்னு சொல்லு," என்றார், வழக்கம்போலத் திருத்துகிற குரலில்.

நான் அதற்குள் பாதிப் படி இறங்கியிருந்தேன்.