ஓர வரிசை

விளைச்சல் பட்டியலைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பன்னிரண்டாம் எண் கோதுமை ஹெக்டேருக்கு ஏழு டன். நான் உருவாக்கிய நாற்பத்தேழு, ஆறே கால். ஆறுக்குக் கீழே இறங்கிய ரகத்தின் கதை அத்தோடு முடிந்தது; விதை கோழித் தீவனத்துக்குப் போய்விடும். நான் மயிரிழையில் தப்பியிருந்தேன். இருந்தும் வயிறு எரிந்தது.

பன்னிரண்டைப் பற்றி எனக்குத் தெரியாதா? தூர் தூராகக் கிளைத்து, பார்வைக்கு ஜோராக நிற்கும். கதிரைக் கசக்கினால் மணியெல்லாம் சூம்பிக் கிடக்கும். மாவில் புரதம் இல்லை; சோதனைக்கூடத்தில் சுட்ட ரொட்டி செங்கல் மாதிரி வந்தது. நாற்பத்தேழு தூர் குறைவாகத்தான் விடும். ஆனால் மணி கொழுகொழுவென்று இருக்கும், ரொட்டி உப்பி எழும். எட்டு வருடம் கதிர் கதிராக எண்ணியவள் நான். எடையைத் தவிர வேறெதுவும் எங்கள் ஆராய்ச்சிப் பண்ணை இயக்குநர் மண்டையில் ஏறாது.

பன்னிரண்டில் ஓர வரிசையையும் சேர்த்து அறுத்திருப்பார்கள், வேறென்ன! பாத்தியின் ஓரத்துச் செடிக்கு வெயிலும் காற்றும் கூடுதல், விளைச்சலும் கூடுதல். அதை வெட்டித் தள்ளிவிட்டு நடுவை மட்டுமே எடை போட வேண்டும்.

இயந்திரக் கொட்டகைக்குப் பாய்ந்தேன். அறுவடை இயந்திரம் ஓட்டுபவர் என் கணவர்தான்.

"பன்னெண்டுல ஓரத்தை வெட்டினீங்களா இல்லையா?"

"ரெண்டு பக்கமும் வெட்டினேன். உன்னோடதுலதான் வெட்டலை."

"என்னது?"

"மழை வருதுன்னு குதிச்சியே. ஓரம் இருக்கேன்னு கேட்டேன். வாயை மூடிட்டு ஓட்டுங்கன்னே."

சொன்னேன்தான். ஓரத்தைக் கழித்துப் பார்த்தேன். ஐந்தரை.

"அப்பவே இறங்கி வந்து என்னைத் திட்டியிருக்கலாமே!"

"வீட்டுலயே முடியலை, வயல்லயா?" என்றவர் குரலைத் தாழ்த்தினார். "விடும்மா. நம்ம ரெண்டு பேரைத் தவிர யாருக்குத் தெரியும்?"

அவர்மேல் வந்த கோபம் பாதி வழியிலேயே என்மேல் திரும்பிவிட்டது. நேரே ரகத் தேர்வுக் கூட்டத்துக்குப் போனேன்.

"பன்னெண்டு, நாப்பத்தேழு, ரெண்டும் அடுத்த வருஷத்துக்குப் போகுது," என்றார் இயக்குநர். "யாருக்காவது ஆட்சேபணை?"

"எனக்கு. ஒரு பாத்தியை ஓரத்தோட எடை போட்டிருக்கு. அந்தக் கணக்கு செல்லாது சார்."

"எந்த அறிவுகெட்ட ஆளு பண்ண வேலை?"

"நான்தான். நாப்பத்தேழு. சரியா அறுத்திருந்தா அஞ்சரைதான் வந்திருக்கும்."

இயக்குநர் பட்டியலை இழுத்து வைத்துச் சிவப்புப் பேனாவின் மூடியைத் திறந்தார்.

"குடுங்க, நானே அடிக்கிறேன்," என்று பிடுங்கிக்கொண்டேன்.