வயசு வரிசை

ஹர்ஷோத் என்ற மலையூரின் கிறிஸ்தவக் கோயிலில் பெண்கள் வயதுப்படிதான் உட்காருவார்கள். மூத்தவளுக்கு முன்பெஞ்சின் முதல் இடம், அடுத்தவளுக்கு அதன் பக்கம், இப்படியே போய் நேற்றுக் கல்யாணமாகி வந்த மருமகளுக்குக் கடைசி பெஞ்சின் ஓரம். ஒருத்தி கண்ணை மூடினால் பின்னால் உள்ளவர்கள் எல்லோரும் ஓர் இடம் முன்னே நகருவார்கள். அந்த வரிசையில் சேராத ஒரே பெண், போதகர் டேனெஷின் மனைவி பிரோஷ்கா. பிரசங்க மேடைக்குப் பக்கத்தில், சபையைப் பார்த்தபடி, அவளுக்குத் தனிப் பெஞ்சு. முப்பத்தோரு வருஷமாக இந்தப் பெண்களின் முகங்களைப் பார்த்தே ஜெபம் செய்து பழகிவிட்டாள். யார் கொட்டாவி விடுவார்கள், எந்த மாமியாரும் மருமகளும் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறார்கள், எல்லாம் அவளுக்கு அத்துப்படி.

இப்போது டேனெஷுக்கு அறுபத்தைந்து. அடுத்த ஞாயிறோடு ஓய்வு. ஓய்வு பெற்ற போதகர் ஊரைவிட்டுப் போய்விட வேண்டும், புதிதாக வருகிறவரின் தலைக்குமேல் நிற்கக் கூடாது என்பது அந்த மலைப்பக்கத்து வழக்கம். சபையாகக் கேட்டுக்கொண்டால் இருக்கலாம்.

"அவங்க கேக்கணும், நாமளா போய்க் கேக்கக் கூடாது" என்று டேனெஷ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

கேட்பாரைத்தான் காணோம். கொலோஷ்வார் நகரத்தில் மகன் வீடு நாலாவது மாடியில் இருக்கிறது. நல்ல பிள்ளைதான், நல்ல மருமகள்தான். ஆனாலும் பிரோஷ்காவுக்கு அந்த மாடிக்குப் போக மனசில்லை. ஹர்ஷோத்திலேயே ஆற்றுப் பாலத்துக்கு அருகே காலியாகக் கிடந்த வாத்தியார் வீட்டை அவள் யாருக்கும் தெரியாமல் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

அன்றைக்கு ஆராதனை முடிந்ததும் கூட்டம். ஹர்ஷோத், பாலோத், கேர்தெஷ் மூன்று ஊர்ச் சபைகளும் ஆள் குறைந்து, ஊருக்கொரு போதகரை வைத்துக்கொள்ள வழியில்லாமல் போய்விட்டன. ஒன்றாகச் சேருவதா, தனித்தனியாகக் கிடந்து தேய்வதா என்று முடிவு செய்ய மூன்று ஊரும் வந்திருந்தது. சபைப் பொறுப்பாளர் கால்மான் பயந்துகொண்டே ஆரம்பித்தார். ஆச்சரியம், அரைமணி நேரத்தில் எல்லாம் கனிந்துவிட்டது. ஒரே சபை, ஹர்ஷோத்தில் ஒரே ஆராதனை, மற்ற ஊர்களுக்கு வண்டி. புதுப் போதகராக எனிக்கோ என்ற முப்பத்தாறு வயதுப் பெண். அவள் கணவர் மாட்டு வைத்தியர்.

"அப்ப அந்தத் தனிப் பெஞ்சுல மாட்டு டாக்டர் ஒக்காருவாரா?" என்று கேட்டாள் முன்பெஞ்சின் முதல் இடத்தில் இருந்த ரெபெக்கா. எண்பத்து நாலு வயது. வாய்க்கு மட்டும் வயதே ஆகவில்லை. "நல்லதுதான். நாக்கை நீட்டுன்னு சொல்லாம இருந்தாச் சரி."

எல்லோரும் சிரித்தார்கள். பிரோஷ்காவும் சிரித்தாள், ஆனால் முகம் சுண்டிப்போனது. அந்தப் பெஞ்சும் போய்விட்டது. இனி இந்தக் கோயிலில் தனக்கு எது இடம்?

அந்தச் சமயத்தில்தான் பாலோத்து எட்டெல்கா எழுந்தாள்.

"அதெல்லாம் இருக்கட்டும். நாங்க எங்க ஒக்காரணும்?"

"பின்னாடி நிறைய எடம் இருக்கே" என்றாள் ரெபெக்கா.

"எனக்கு எண்பத்தாறு. எங்க ஊர்ல நான் மொதப் பெஞ்சு. இங்க வந்து உங்க மருமகளுங்களோட கடைசில ஒக்காரவா? அதுக்கு எங்க கோயில்லயே ஒத்தையா ஒக்காந்து பாடிட்டுப் போறேன்."

கேர்தெஷ்காரிகளும் தலைக்குட்டையை இறுக்கிக்கொண்டு எழுந்துவிட்டார்கள். கால்மான் கெஞ்சினார், கொஞ்சினார். ஒன்றும் நடக்கவில்லை. போதகரை ஒத்துக்கொண்டு, வண்டியை ஒத்துக்கொண்டு, கடைசியில் ஒரு முழப் பலகையில் வந்து எல்லாம் முட்டிக்கொண்டு நின்றது. பாலோத்துக்காரர்கள் வாசல் பக்கம் திரும்பியாயிற்று.

பிரோஷ்கா இத்தனை வருஷத்தில் ஒரு கூட்டத்திலும் வாய் திறந்தது கிடையாது. எழுந்தாள். டேனெஷ் வேண்டாம் என்று கண்ணால் சொன்னார். அவள் அந்தப் பக்கமே பார்க்கவில்லை.

"மூணு ஊரையும் கலந்து வயசுப்படியே ஒக்காருங்க. பொறந்த வருஷத்துக்கு ஊரு ஏது?" என்றாள். "அப்படியே என்னையும் ஒரு ஓரத்துல சேத்துக்கோங்க. எனக்கும் எடம் இல்ல."

ரெபெக்காவின் முகத்தைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். அந்த முதல் இடத்துக்கு அவள் இருபது வருஷம் காத்திருந்தவள். போன குளிர்காலத்தில்தான் அது கைக்கு வந்தது.

"நீங்க எந்த வருஷம்?" என்றாள் ரெபெக்கா, பிரோஷ்காவை உற்றுப் பார்த்து.

"ஐம்பத்தஞ்சுல பொறந்தவ" என்றாள் பிரோஷ்கா.

"அறுபத்தொண்ணுல பொறந்ததாச் சொன்னீங்க."

"பொய் சொன்னேன்."

"கோயில்லயா?"

"இல்ல, தபாலாபீஸ்ல."

ஆண்கள் பக்கம் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ரெபெக்கா விரல்விட்டு எண்ணினாள். "அப்ப பாஸ்டர் ஐயாவுக்கு நாலு வயசு மூத்தவங்க."

டேனெஷ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன்னாடியே தெரியும்" என்றார். காது சிவந்திருந்தது.

ரெபெக்கா பாட்டுப் புத்தகத்தைக் கையில் எடுத்தாள். போய்விடப் போகிறாள் என்று பிரோஷ்கா நினைத்தாள். ரெபெக்கா போகவில்லை. பலகையைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஓர் இடம் தள்ளி உட்கார்ந்தாள்.

"வாம்மா எட்டெல்கா. ரெண்டே ரெண்டு வயசு வித்தியாசத்துல வந்து என் எடத்தைப் பிடுங்கிட்ட."

அதற்குப் பிறகு அங்கே நடந்த அமளி சொல்லி மாளாது. பெண்கள் பக்கம் முழுக்க எழுந்து, வருஷம் கேட்டு, மாதம் கேட்டு, ஒருத்தியை ஒருத்தி நம்பாமல், முணுமுணுத்துக்கொண்டே நகர்ந்தது. அறுபது பேராவது இடம் மாறியிருப்பார்கள். பிரோஷ்காவுக்கு மூன்றாவது பெஞ்சில் நாலாவது இடம் வந்தது. ஒருபக்கம் கேர்தெஷ்காரி, மறுபக்கம் பால்காரி வில்மா. இருவரும் பாவாடையை ஒதுக்கி இடம் விட்டார்கள். உட்கார்ந்ததும் இரண்டு தோள்களிலும் ஆள் பட்டது. முப்பத்தோரு வருஷத்தில் இந்தக் கோயிலில் அவள் தோளில் யாரும் பட்டதில்லை.

முன்னாலிருந்து, தலையைக்கூடத் திருப்பாமல், ரெபெக்கா பேசினாள்.

"பாஸ்டரம்மா, இப்ப எடம் குடுத்தாச்சு. கொலோஷ்வாருக்குப் போறேன், மகன் கூப்பிடறான்னு கெளம்பினீங்கன்னா, உங்களுக்குப் பின்னாடி இருக்கற அத்தனை பேரும் மறுபடி எந்திரிச்சு நகரணும். எங்க முட்டிக்கு அது தாங்காது."

பிரோஷ்கா அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. எல்லோர் முன்னாலும் குழந்தை மாதிரி அழுதாள். வில்மா தன் கைக்குட்டையை அவள் மடியில் போட்டாள்.

கால்மான் பேனாவோடு தலையைச் சொறிந்தார். "இதைக் கூட்டக் குறிப்புல எப்படி எழுதறது?"

"சபை கேட்டுக்கிச்சுன்னு எழுது" என்றாள் ரெபெக்கா.