யூ தட்டினால் ஒன்றும் வராது

தடாலென்று ஒரு சத்தம். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கீபோர்டின் மேல் ஜெயசித்ராவின் விரல்கள் அப்படியே நின்றன.

அரியலூர் பக்கம் புதிதாக எழும்பிக்கொண்டிருந்த சிமெண்ட் ஆலையின் ஆபீஸ் அது; அவள் அங்கே டைப்பிஸ்ட். மெஷின்களைப் பொருத்த சீனாவிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். அவள் கணவன் உத்திராபதிக்கு அங்கே கிரேன் வேலை. ஒரு வருஷம் வீட்டில் சும்மா கிடந்தவனுக்கு அவள்தான் ஆபீஸில் கெஞ்சி வாங்கிக் கொடுத்தாள். அவனும் இன்னொரு ஆபரேட்டர் அமாவாசையும் ஷிப்ட் மாற்றி மாற்றிக் கிரேனில் ஏறுவார்கள். இன்று காலை ஷிப்ட் உத்திராபதிக்கு.

சீனாக்காரர்களுக்கு மொழிபெயர்க்கும் காமில் வாசலில் தலையை நீட்டினான். லப்பைக்குடிக்காட்டுப் பையன், சீனாவில் வியாபாரம் பார்த்துவிட்டு வந்தவன்.

"இரும்புச் சட்டம் நழுவி வுழுந்துடுச்சுக்கா. கீழ நின்ன ஒருத்தருக்கு கால்ல அடி. ஜீப்புல ஏத்துறாங்க, நானும் போறேன்."

"ஐயோ, யாரு காமிலு?"

"மூஞ்சியெல்லாம் புழுதி, தெரியலக்கா. பதறாதீங்க, நம்ம மாமா இல்ல. அவரு மேல கிரேன்லதான் இருக்காரு."

போன மூச்சு திரும்பி வந்தது. கூடவே வேறொரு பயமும் வந்தது. போன மாதம் ஒரு குழாய் நழுவியதற்கே ஒரு ஆபரேட்டரை அன்றைக்கே வெளியே அனுப்பியிருந்தார்கள்.

இன்ஜினியர் லியூ வந்து அவளுடைய கம்ப்யூட்டரில் உட்கார்ந்தார். சீனாவுக்கு உடனே தகவல் எழுதியாக வேண்டும். சீன எழுத்து ஆயிரக்கணக்கில் என்று கேள்விப்பட்டு, அவர்கள் கீபோர்டு கோரைப்பாய் அகலத்துக்கு இருக்கும் என்று அவள் ஒருகாலத்தில் நினைத்திருந்தாள். "அப்ப டைப் அடிக்க தவழ்ந்துதான் போவணும்க்கா" என்று காமில் அப்போது சிரித்திருந்தான். அப்படி ஒன்றுமில்லை, இதே கீபோர்டுதான். ஒலியை இங்கிலீஷில் தட்டினால் அதற்கான எழுத்துகள் வரிசையாக வந்து நிற்கும். எண்ணை அழுத்தி ஒன்றைப் பொறுக்கிக்கொள்ள வேண்டும்.

லியூவின் விரல்கள் மளமளவென்று ஓடி, ஓரிடத்தில் நின்றன. "கிரேன் மேன்... நேம்?" கீபோர்டை அவள் பக்கம் நகர்த்தினார்.

பொய் சொல்லும் எண்ணம் அவளுக்கு இல்லை. கணவன் பெயரின் முதலெழுத்தைத்தான் தட்டினாள். யூ. வரிசை திறக்கவே இல்லை.

"யூ, நோ. சைனீஸ், நோ யூ." அந்த எழுத்தில் தொடங்கி அவர்கள் எதையும் தட்டுவதில்லை போலிருக்கிறது. அதை அழித்துவிட்டு, வேறு வழி பார்க்க லியூ விரலை நீட்டினார். அதற்குள் அவள் ஏ தட்டினாள். எழுத்துகள் பொலபொலவென்று வந்து நின்றன.

அமாவாசை தனிக்கட்டை. கங்கைகொண்ட சோழபுரத்தில் முந்திரிக்காடு இருக்கிறது. பிழைத்துக்கொள்வான்.

மா. வா. சை. அவள் சொல்லச் சொல்ல லியூ தட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு எழுத்தைப் பொறுக்கினார். "ஈஸி நேம்" என்றார். அனுப்பிவிட்டு எழுந்து போனார். திரை நிறையக் கட்டம் கட்டமாக எழுத்துகள். அதில் அமாவாசை எங்கே இருக்கிறான் என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

மேசையில் போன் அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து காமில்.

"அக்கா, அமாவாசை அண்ணன் ஊருக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிடுங்க. மதிய ஷிப்டுக்கு வர வேண்டிய மனுசன், மாமா கூப்பிட்டாருன்னு ஒத்தாசைக்குக் காலையிலயே வந்து கீழ நின்னிருக்காரு."