புகை விடும் மீன்கள்

தீயணைப்பு நிலையத்தில் இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்க்கும் அந்த மனிதருக்குத் தெருவில் வைத்த பெயர் 'தண்ணி வண்டி'. புதிதாகக் குடிவருகிறவர்கள் அதைத் தப்பாகப் புரிந்துகொண்டு ஒரு மாதம் தள்ளி நின்றே பேசுவார்கள். காப்பியை விட்டால் வேறெதையும் தொடாத மனிதர்.

வீட்டுக்கு வந்தாலும் வேலை அவரை விடாது. அடுப்பு அணைந்திருக்கிறதா என்று இரண்டு தடவை தொட்டுப் பார்ப்பார். மெழுகுவத்திக்குத் தடை. ஊதுபத்தி ஏற்ற வேண்டுமானால் பாத்திரம் கழுவும் தொட்டிக்குள்தான். "வாசனை நமக்கில்ல, எச்சில் தட்டுக்குத்தான்," என்று மனைவி முணுமுணுப்பாள்.

அவள் தையற்காரி. போன வருஷம் மாடிப்படியில் வழுக்கி விழுந்ததில் வலது மணிக்கட்டு முறிந்தது. எலும்பு கூடிவிட்டது, விரல்கள்தான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. ஊசியில் நூல் கோக்கப் போனால் கை தனியாக ஒரு ஆட்டம் போட்டது. ரப்பர் பந்தை அமுக்கச் சொன்னார் டாக்டர். நான்காம் நாள் பந்து பரணுக்குப் போய்விட்டது. பக்கத்துப் பட்டறைத் தச்சர்தான் ஒரு தேக்குத் துண்டையும் சின்ன உளியையும் கையில் கொடுத்தார்.

"இதை நோண்டிட்டு இரு தங்கச்சி. நல்லா வந்தா உனக்கு, கெட்டுப்போனா என் அடுப்புக்கு."

நான்கு மாதம் நோண்டினாள். முதலில் வெறும் கீறல், பிறகு செதில், பிறகு வால். கடைசியில் இரண்டு கைக்குள் அடங்கும் ஒரு தூபக்கால் உருவானது. சுற்றிலும் ஏழு மீன்கள் ஒன்றையொன்று துரத்தின. நடுவே குடைந்த குழியில் ஒரு பித்தளைக் கிண்ணம், மேலே ஒரு மூடி. அதில் கரித்துண்டைக் கனியவைத்துச் சாம்பிராணி தூவினால் ஏழு மீன் வாயிலிருந்தும் புகை வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைக் கணவர் முன்னால் வைத்தாள். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அழகாத்தான் இருக்கு. ஆனா மரத்துக்குள்ள நெருப்பா? கொள்ளிக்கட்டையால தலையைச் சொறிஞ்சுக்கிற கதையா இருக்கே. உள்ள பூ ஏதாவது போட்டு வை."

அவள் சண்டை போடவில்லை. தூபக்காலை எடுத்து அலமாரிமேல் வைத்தாள்.

"பூ வைக்கவா நாலு மாசம் செதுக்குனேன்? இதைச் செஞ்சுதாங்க இந்தக் கை மறுபடி என் கையாச்சு," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அவருக்குச் சுருக்கென்றது. ஒரு துணி மூட்டையிலும் ஒரு கரித்துண்டிலும் ஆரம்பித்து ஒன்றுமில்லாமல் போன வீடுகளை அவர் பார்த்திருக்கிறார். அந்தப் பயம் பொய்யில்லை. ஆனால் அவள் கையும் பொய்யில்லையே. சற்று நேரம் கழித்து அறை வாசலில் வந்து நின்றார்.

"நாளைக்கு ஸ்டேஷனுக்கு வா. சோதிச்சுப் பாத்துடுவோம். தாங்குச்சுன்னா நானே ஏத்தி வைக்கறேன்."

மறுநாள் காலை நிலையத்தின் முற்றத்தில் சோதனை நடந்தது. சுற்றிலும் நான்கு வாளி தண்ணீர். அண்ணி வந்திருக்கிறாள் என்று நிலையத்து வீரர்கள் கூடிவிட்டார்கள். மீன்கள் புகை விட ஆரம்பித்ததும் ஒருவன் கைதட்டினான்.

"அண்ணே, ஏழும் சுருட்டுப் பிடிக்குது!"

இருபதாவது நிமிஷத்தில் கிண்ணத்தைத் தூக்கிப் பார்த்தார்கள். அடிமரம் கருகியிருந்தது. கைதட்டல் நின்றது. அவள் முகம் சுண்டிப்போனது.

'நான்தான் சொன்னேனே' என்று அவர் சொல்வார் என எல்லோரும் காத்திருந்தார்கள். அவரோ மண்டிபோட்டுக் குழிக்குள் ஒரு கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கிண்ணம் மரத்து மேலேயே உக்காந்திருக்கு. அதான் சூடு இறங்குது. நடுவுல காத்து போக வழி வேணும். குழியை இன்னும் அரை விரல் அகலப்படுத்துவியா?"

"படுத்துவேன்."

"அடியில ஒரு ஓட்டுத் துண்டு. அதுக்கு மேல மூணு போல்ட்டு, கிண்ணத்துக்குக் கால் மாதிரி."

அந்த வாரம் முழுக்க வீட்டில் பேச்சு அதுதான். அவள் குடைந்தாள், அவர் ஓட்டுத் துண்டை அராவினார். போல்ட் உயரத்துக்கு ஒரு சண்டை, கிண்ணத்தின் விளிம்புக்கு ஒரு சண்டை. இரண்டிலும் அவள் ஜெயித்தாள்.

இரண்டாவது சோதனையன்று மழை. அதனால் நிலையத்தின் ஓய்வறைக்குள்ளேயே வைத்தார்கள். ஒரு மணி நேரம் ஆனது. அவர் அடிமரத்தில் உள்ளங்கையை வைத்தார். இளஞ்சூடு, அவ்வளவுதான்.

"பாஸ்!" என்று அவர் கத்தியதும் கூரையில் அபாயமணி அலறத் தொடங்கியதும் ஒரே நேரத்தில் நடந்தன. புகையைக் கண்டால் கூவும் அந்தக் கருவியை, மேலிடத்துக்கு எழுதி எழுதிப் போன மாதம் வாங்கி மாட்டியவரே அவர்தான். மாடியிலிருந்தவர்கள் தடதடவென்று இறங்கி ஓடினார்கள். ஓட்டுநர் வண்டியைக் கிளப்பிவிட்டார். நிலைய அதிகாரி பாதி முகத்தில் சவர நுரையோடு ஓடி வந்தார்.

"எங்கய்யா தீ?"

"தீ இல்ல சார். மீன்," என்றார் அவர்.

அதிகாரி தூபக்காலைப் பார்த்தார். அதன் பக்கத்தில் வாயைப் பொத்திச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்த அவளைப் பார்த்தார். கோபமாக ஏதோ சொல்லத்தான் மூச்சை இழுத்தார். ஆனால் நனைந்த பூட்ஸ், ரப்பர் குழாய், டீசல் இவற்றைத் தவிர வேறு வாசனையே அறியாத அந்த அறையில் சாம்பிராணி மணந்தது. இழுத்த மூச்சை மெதுவாக விட்டார். மறுபடி இழுத்தார்.

"பூட்ஸ் ரூமுக்கு ஒண்ணு கிடைக்குமாம்மா? அங்க எவனும் மூக்கை மூடாம போறதில்ல."

அன்று மாலை வீட்டுக் கூடத்தில் அவரே கரியைக் கனியவைத்து, சாம்பிராணி தூவி, கொஞ்சம் பெருமையோடு தள்ளி நின்று பார்த்தார். அவள் கொடுத்த காப்பியில் ஒரு கரண்டி சர்க்கரை கூடுதலாக விழுந்திருந்தது.

நிலையத்துத் தூபக்காலில் எதைச் செதுக்குவது என்பதில்தான் பெரிய ரகளை. ஒருவனுக்கு யானை, இன்னொருவனுக்குத் தீயணைப்பு வண்டி. அதிகாரி மட்டும் அவளைத் தனியே கூப்பிட்டு, தன் முகத்தைச் செதுக்க முடியுமா என்று கூச்சத்தோடு கேட்டார்.

"செதுக்கலாம் சார். ஆனா புகை மூக்கு வழியாத்தான் வரும், பரவாயில்லையா?"

யானையே இருக்கட்டும் என்று முடிவானது. தும்பிக்கையை அவள் பாதி செதுக்கிவிட்டாள்.