மணல் அணிக்குப் பத்துப் பேர்

காலையிலிருந்து பல்லக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பதினொரு மணிக்குள் கைபேசியை நான்கு முறை எடுத்துப் பார்த்துவிட்டாள். ஐந்தாவது முறை எட்டி எடுக்கும்போது மெழுகு உருக்கும் விளக்கில் விரலைச் சுட்டுக்கொண்டாள்.

அவள் வேலை பார்ப்பது செயற்கைப் பல் செய்யும் கூடத்தில். பல் மருத்துவர்கள் வாயை அச்செடுத்து அனுப்புவார்கள். அதில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் பல் வரிசை கட்டி, முகம் தெரியாத யாரோ ஒருவர் வாய் நிறையச் சிரிக்க ஏற்பாடு செய்வது அவள் தொழில். அதனால்தான் கடற்கரையில் எல்லோருக்கும் அவள் பல்லக்கா. அவளைவிட மூத்தவர்கள்கூட அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், அவ்வளவு மரியாதை. அந்த மரியாதை எத்தனை ஓட்டாகத் தேறியிருக்கிறது என்று தெரியாமல்தான் இந்தத் தவிப்பு.

என்ன ஓட்டு என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன். மணலில் பக்கத்துக்கு ஐந்து பேர், ஆணும் பெண்ணும் கலந்து, ஒரு பறக்கும் தட்டை வைத்துக்கொண்டு ஆடும் ஆட்டம் அது. தட்டு கையில் வந்துவிட்டால் ஓடக் கூடாது, நின்ற இடத்திலிருந்து கூட்டாளிக்கு வீச வேண்டும். எதிர்ப்பக்கக் கடைசிக் கட்டத்துக்குள் நிற்கும் கூட்டாளி அதைப் பிடித்துவிட்டால் ஒரு புள்ளி. அவ்வளவுதான் ஆட்டம். ஆனால் அதில் ஒரு விசேஷம் உண்டு: நடுவர் கிடையாது. இடிபட்டவர் 'ஃபவுல்' என்று கத்தினால் ஆட்டம் நிற்கும். இடித்தவர் ஆமாம் என்றோ இல்லை என்றோ தன் வாயால் சொல்ல வேண்டும். அவர் சொன்னதை நம்பித்தான் எல்லோரும் மேலே ஆட வேண்டும்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் பல்லக்கா இதை ஆரம்பித்தபோது மொத்தமே பதினொரு பேர். எல்லைக் கோட்டுக்குச் செருப்புகளை வரிசையாக வைத்து ஆடினார்கள். ஒரு நாள் நாய் ஒரு செருப்பைக் கவ்விக்கொண்டு ஓட, கோடே ஊர்வலம் போனது. நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் இவர்களைப் பார்த்த பார்வை இருக்கிறதே, ஏதோ வீட்டில் தட்டு கழுவப் பயந்து ஓடிவந்த கூட்டத்தைப் பார்ப்பதுபோல! இப்போது அதே கடற்கரையில் அறுபத்தொரு பேர், மூன்று ஆடுகளம், நாடா கட்டிய எல்லை, முதுகில் எண் போட்ட பனியன். சாயங்காலம் கொஞ்சம் தாமதமாகப் போனால் நிறுவியவளுக்கே நிற்க இடம் கிடைப்பதில்லை.

இந்த வருஷம் முதல் முறையாக வெளிநாட்டுக் கடற்கரையில் நடக்கும் போட்டிக்கு அழைப்பு வந்திருந்தது. பத்துப் பேர்தான் போகலாம். அடுத்த போட்டி மூன்று வருஷம் கழித்து. பல்லக்காவுக்கு வயது நாற்பத்தொன்று, இடது முழங்கால் மாடிப்படியைக் கண்டாலே முனகுகிறது. மூன்று வருஷம் கழித்து என்பதெல்லாம் அவளுக்குக் கிடையாது. இப்போது போனால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

அந்தப் பத்துப் பேரைத் தேர்ந்தெடுக்க நேற்று ஞாயிறு காலை எல்லோரும் ஆளுக்கொரு சீட்டில் பத்துப் பெயர் எழுதி டப்பாவில் போட்டார்கள். சீட்டில் எழுதியவர் பெயர் இருக்காது. இதுவும் பல்லக்கா கொண்டுவந்த வழக்கம்தான். முதல் வருஷம் பக்கத்து ஊர்ப் போட்டிக்கு ஏழு பேரை எடுத்தபோது, பதினொரு பேரும் தங்கள் பெயரையே முதலில் எழுதிவைத்து, யாரை எடுப்பது யாரை விடுவது என்று ஒரே அடிதடி. அன்றைக்கு அவள் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொன்னாள்: "இனிமே சீட்டுல யாரும் சொந்தப் பேரை எழுதக் கூடாது. நீ நல்லா ஆடுனா மத்தவங்க எழுதுவாங்க." எல்லோரும் தலையாட்டினார்கள்.

பன்னிரண்டு பத்துக்குச் செய்தி வந்தது. ஓட்டு எண்ணியவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். கூட்டல் கழித்தலில் அவரைக் குறை சொல்ல முடியாது. ஒன்பதாவது இடம் வரைக்கும் எல்லோருக்கும் நாற்பதுக்கு மேல். பத்தாவது இடத்தில் நாத்தனார், முப்பத்திரண்டு. பதினோராவது பல்லக்கா, முப்பத்தொன்று.

கைபேசியை முகத்தருகே கொண்டுபோனாள். மறுபடி படித்தாள். எண் மாறவில்லை.

நாத்தனார் என்றால் வேறு யாரோ இல்லை, கட்டிய கணவனின் கூடப்பிறந்த தங்கை. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. நாலு வருஷத்துக்கு முன்பு வேலை மாற்றலாகி இவர்கள் வீட்டுக்கு வந்தவள், சாயங்காலமானால் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். பல்லக்காதான் அவளைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய் மணலில் நிறுத்தினாள். தட்டை எப்படிப் பிடிப்பது, மணிக்கட்டை எப்படிச் சுண்டுவது, காற்று எதிரே அடித்தால் எப்படித் தாழ்த்தி வீசுவது எல்லாம் சொல்லிக் கொடுத்தது யார்? இவள்தான். அதைவிடக் கொடுமை, நேற்றுச் சீட்டில் பத்தாவது பெயராக நாத்தனாரை எழுதியதும் இவளேதான். அந்த ஓட்டு இல்லையென்றால் அவளுக்கும் முப்பத்தொன்றுதான். பல்லக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

அப்போது கைபேசிக் குழுவில் கேலி தொடங்கியது. "எனக்கு விழுந்த ஒரே ஓட்டு நானே போட்டது!" என்று ஒருவன் எழுதினான். "எனக்கும்!" "நம்மளை நாமதான் நம்பணும் பாஸ்!" என்று வரிசையாக வந்து விழுந்தன. பல்லக்கா பட்டியலின் அடியைப் பார்த்தாள். ஒரே ஓட்டு வாங்கியவர்கள் பதினேழு பேர்.

அட பாவிகளா! எல்லோரும் சொந்தப் பெயரை எழுதியிருக்கிறார்கள். ஒன்பது வருஷத்தில் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தவர்களுக்கு அந்த விதியை யாரும் சொல்லவில்லை. எங்கேயும் எழுதிவைக்கவும் இல்லை. விதி போட்டவள் மட்டும் விதியைக் கட்டிக்கொண்டு அழுகிறாள். அப்படியென்றால் நாத்தனாரும் எழுதியிருப்பாள். எழுதாமல் இருப்பாளா? அந்த ஒரு ஓட்டைக் கழித்தால் இருவரும் சமம். சமம் என்றால் நாணயத்துக்குப் பதில் தட்டைச் சுண்டிப் பார்ப்பதுதான் வழக்கம்.

இந்தக் கணக்கு மண்டையைக் குடைய, கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. முதலாளி பின்னால் வந்து நின்று பார்த்தார்.

"என்னம்மா இது, முன்னாடி ரெண்டு பல்லு இருக்க வேண்டிய இடத்துல கோரைப் பல்லை வெச்சிருக்க? இந்த மனுஷன் சிரிச்சா பேரப்பிள்ளைங்க பயந்து ஓடிரும்."

"சரி பண்ணிடறேன் சார்."

"உடம்பு சரியில்லைன்னா வீட்டுக்குப் போம்மா."

வீட்டுக்கா? அந்த வீட்டில்தானே நாத்தனாரும் இருக்கிறாள்! பல்லக்கா மெழுகைச் சுரண்டி எடுத்துவிட்டு மாடிப்படிக்கு வந்து கணவனைக் கைபேசியில் கூப்பிட்டாள். எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் கொட்டினாள்.

அவன் யோசித்து யோசித்து ஒன்று சொன்னான்: "நீயும் உன் பேரை எழுதியிருக்கலாம்ல?"

"ஃபோனை வை."

"இல்ல, நான் என்ன சொல்றேன்னா..."

"உன் தங்கச்சி பக்கம்தான் பேசுவ. வை."

பாவம், அவன் யார் பக்கமும் பேசவில்லை. ஆனால் அன்றைக்கு அவளுக்கு முன்னால் யார் வந்திருந்தாலும் அதே கதிதான்.

ஐந்து மணிக்குக் கடற்கரை. ஆடுவதற்கு முன்னால் எல்லோரும் வட்டமாக மணலில் உட்காருவது வழக்கம். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்த நாத்தனார் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு பல்லக்காவுக்கு எரிச்சலைக் கிளப்பியது. கணக்கு வாத்தியார் பட்டியலைப் படிக்க வாயைத் திறந்தார்.

"ஃபவுல்!" என்று பல்லக்கா கத்தினாள்.

அறுபது தலையும் திரும்பியது. இன்னும் தட்டையே யாரும் எடுக்கவில்லை, அதற்குள் என்ன ஃபவுல்?

அவள் எழுந்து நின்று சொன்னாள். முதல் வருஷத்து விதியைச் சொன்னாள், பதினேழு ஒற்றை ஓட்டைச் சொன்னாள். "சீட்டுல எழுதுனவங்க பேரு இல்லை. அதனால கேட்டாத்தான் தெரியும். யார் யார் சொந்தப் பேரை எழுதுனீங்க? கையைத் தூக்குங்க."

முதலில் நாலைந்து கைகள். பிறகு தயங்கித் தயங்கி மற்றவை. "அப்படி ஒரு ரூல் இருக்குன்னு தெரியாதுக்கா," என்று யாரோ முனகினார்கள். கடைசியில் கணக்கு வாத்தியாரே அசடு வழிந்துகொண்டு கையைத் தூக்கினார். எண்ணிப் பார்த்தால் நாற்பத்து மூன்று.

நாத்தனாரின் கைகள் மடியிலேயே இருந்தன.

"நீ?"

"நான் எழுதலை அண்ணி."

"பொய் சொல்லாத!"

சுற்றிலும் தூக்கியிருந்த கைகள் மெல்ல இறங்கின. ஒன்பது வருஷத்தில் அந்த மணலில் எத்தனையோ சண்டை வந்திருக்கிறது. தோள் இடித்து ரத்தம் வந்திருக்கிறது, கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று அரைமணி நேரம் வாதாடியிருக்கிறார்கள். யாரும் யாரையும் பார்த்துப் பொய் என்று மட்டும் சொன்னதில்லை. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டால் அங்கே ஆடுவதற்கு ஒன்றுமே மிச்சமில்லை. அதைச் சொன்ன முதல் ஆள், ஆட்டத்தை ஆரம்பித்தவள்.

நாத்தனாரின் முகம் சிவந்துவிட்டது. ஆனால் குரல் உயரவில்லை.

"முதல் நாள் இங்க கூட்டிட்டு வந்தப்போ வண்டியிலயே சொன்னீங்களே அண்ணி, சொந்தப் பேரை எழுதக் கூடாதுன்னு. அதான் எழுதலை."

வண்டியில் சொன்னது பல்லக்காவுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அதோடு விட்டிருக்கலாம். விடுகிற ஆளா அவள்?

"சரி, என் பேரை எழுதுனியா?"

"இல்லை."

"ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு?"

"வீட்டுக்காக எழுத முடியுமா அண்ணி? போன மாசம் ஆடுன மூணு ஆட்டத்துலயும் உங்களைத் தாண்டி ஓடித்தான் எதிர்ப்பக்கம் புள்ளி எடுத்தாங்க. அந்த முட்டியோட அஞ்சு நாள் போட்டி முழுக்க எப்படி ஓடுவீங்க? எழுத எனக்கு மனசு வரலை. எழுதாம விடவும் மனசு கேக்கலை. சீட்டைக் கையில வெச்சிக்கிட்டு எவ்வளவு நேரம் நின்னேன்னு எனக்குத்தான் தெரியும்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க என் பேரை எழுதுனீங்களா?"

"எழுதினேன்."

"எனக்காகவா? இல்ல, நல்லா ஆடுறேன்னா?"

பல்லக்கா மனசுக்குள் நேற்றைய சீட்டை எடுத்துப் பார்த்தாள். விதியே இல்லை என்று வைத்துக்கொள்வோம், நேற்று யார் பெயரை எடுத்துவிட்டுத் தன் பெயரைப் போட்டிருப்பாள்? வட்டத்தில் உட்கார்ந்திருந்த அந்தப் பத்துப் பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள். மருந்துக்கடைக்காரனையா? அவன் வீசினால் தட்டு காற்றை மதிப்பதே இல்லை. தபால்காரியையா? இந்தக் கடற்கரையில் அவளைத் துரத்திப் பிடிக்க ஆளே கிடையாது. ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்து நாத்தனாரிடம் நின்றாள். எங்கேயும் தனக்கு இடம் இல்லை. இத்தனை நாள் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டிருந்தாள். விதி இல்லாவிட்டாலும் தன் பெயரை எழுத முடிந்திருக்காது என்பது அப்போதுதான் உறைத்தது. அதை அறுபது பேர் முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியிருந்ததுதான் தாங்க முடியவில்லை.

"நல்லா ஆடுறதாலதான்," என்றாள். குரல் பிசிறியது. "பொய்னு சொன்னேன் பாரு, அது என் தப்பு. எல்லார் முன்னாடியும் சொன்னேன், எல்லார் முன்னாடியும் வாபஸ் வாங்குறேன். பட்டியல் இருக்கிறபடியே இருக்கட்டும். சார், படிங்க."

வாத்தியார் படித்தார். பத்துப் பேரும் ஒரு பக்கம் போய் நின்றார்கள். எதிரே ஆடிப் பயிற்சி கொடுக்க ஆள் வேண்டும். யார் வருகிறீர்கள் என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் பல்லக்கா முழங்காலில் பட்டையைச் சுற்றிக்கொண்டு எழுந்துவிட்டாள். நேரே போய் நாத்தனாருக்கு முன்னால் நின்றாள்.

"உன்னை நான்தான் மறிக்கப் போறேன்."

"வேணாம் அண்ணி. இன்னைக்கு மட்டும் உக்காருங்க."

"வாயை மூடிக்கிட்டு ஓடு. என் முட்டியைப் பார்த்து மெதுவா ஓடுனே, வீட்டுக்குள்ள விட மாட்டேன்."

தட்டு பறந்தது. நாத்தனார் ஒரு எட்டு இடது பக்கம் போக்குக் காட்டிவிட்டு வலது பக்கம் பாய்ந்தாள். பல்லக்கா உயிரைக் கொடுத்து ஓடினாள். மணல் காலை இழுத்தது. கடைசிக் கட்டத்துக்குள் நாத்தனார் தட்டைப் பிடித்தபோது இருவருக்கும் நடுவில் இன்னும் இரண்டு பேர் நிற்கிற அளவுக்கு இடம் இருந்தது.

நாத்தனார் கொண்டாடவில்லை, தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். பல்லக்கா குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். வயிறு எரிந்தது, பொறாமையாக இருந்தது, அழுகையும் வந்தது. அதை யாருக்காகவும் அவள் மறைக்கவில்லை.

"என்ன பார்த்துக்கிட்டு நிக்கிற?" என்று கத்தினாள். "புள்ளி உன்னோடதுதான். அடுத்த புள்ளிக்குப் போய் லைன்ல நில்லு."