வளையலுக்குக் காவல்

என் புருஷன் பிரபாகரின் கருமாதி அன்று காலையில் என் தலையில் முழம் முழமாக மல்லிகைப்பூ வைத்தார்கள். கல்யாணத்தன்றுகூட அவ்வளவு வைக்கவில்லை. எல்லாவற்றையும் பிடுங்கிப் போடுவதற்கு முன்னால் ஒரு அலங்காரம், அதுதான் வழக்கம். பூ வாசனை தலைவலியைக் கொடுத்தது. வேறெதுவும் தோன்றவில்லை. புத்தூர் ரோட்டில் லாரி மோதி அவன் செத்த நாளிலிருந்து எனக்குப் பசியும் இல்லை, அழுகையும் இல்லை. சோறு போட்டால் தின்றேன், உட்காரச் சொன்னால் உட்கார்ந்தேன். "பாவம், கல்லாயிட்டா" என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். கல்லாக இருப்பது ஒன்றும் கஷ்டமாக இல்லை.

ஆற்றில் தண்ணீர் இல்லாததால் கரையோரத்து பம்புசெட்டுக்குக் கூட்டிப்போனார்கள். எங்களுக்கு முன்னாலேயே எங்கள் மகளிர் சங்கத்துப் பெண்கள் அங்கே வந்து நின்றிருந்தார்கள். நடுவில் தேவசேனா அக்கா. சங்கத்துக்கு அவள்தான் லீடர், எங்கள் வீட்டுச் சுவரை ஒட்டினாற்போல் அவள் வீடு.

போன வருஷம் சங்கத்தில் ஒரு தீர்மானம் போட்டோம். எங்கள் தெருவில் புருஷன் செத்தவளின் வளையலை இனி யாரும் உடைக்கக் கூடாது, பொட்டை அழிக்கக் கூடாது. நானும் கை தூக்கினேன். நல்ல தீர்மானம்தான், இப்போதும் அதையே சொல்வேன். முதல் ஆள் நானாக இருப்பேன் என்று அப்போது யார் கண்டார்கள்?

தாலியை நானே கழற்றி என் மாமியார் செல்லியம்மாவிடம் கொடுத்தேன். அதற்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. மாமியாரும் சின்ன வயதிலேயே புருஷனை இழந்தவள். அதனால் வளையல் உடைக்கிற வேலை அவளுடையது. கையில் ஒரு கூழாங்கல்லை வைத்துக்கொண்டு, "கையை நீட்டு, அகிலா" என்றாள்.

தேவசேனா அக்கா குறுக்கே வந்தாள். "ஒடைக்கக் கூடாது பெரியம்மா. தீர்மானம் போட்டுக்கிறோம்."

"இது எங்க வூட்டு விஷயம். நீ இன்னாத்துக்கு நடுவுல வர்றே?"

"அவ எங்க சங்கத்து மெம்பர். நடுவுலதான் வருவோம்."

என் வலது கையை மாமியார் பிடித்திருந்தாள், இடது கையை தேவசேனா அக்கா பிடித்திருந்தாள். என் கைக்காகத்தான் அத்தனை சத்தமும். அந்தக் கை என்னுடையது என்பது இரண்டு பேருக்குமே மறந்துபோயிருந்தது.

எனக்கு அந்த வளையல்கள் வேண்டாம். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். பிரபாகர் என் கையை முறுக்கி அடிக்கும்போது வளையல் நொறுங்கும், கீறி ரத்தம் வரும். ரெண்டு நாள் கழித்து அவனே கடைக்குக் கூட்டிப்போய் புதுசு வாங்கி மாட்டிவிடுவான். இப்போது கையில் இருந்த பச்சைக் கண்ணாடி வளையல்களும் அப்படி வந்தவைதான். உயிரோடு இருந்தவன் எத்தனையோ முறை உடைத்தான். அதற்கு ஒரு கூட்டமும் கூடவில்லை.

மாமியார் கையிலிருந்த கல்லை வாங்கி நானே உடைத்துவிடலாம் என்று நினைத்தேன். அப்போதுதான் கோதையைப் பார்த்தேன். எதிர்வீட்டுப் பெண், கல்யாணமாகி இன்னும் புதுப்பெண் களை போகவில்லை. அவள் புருஷனுக்குக் கிட்னி போய், டயாலிசிஸ் பண்ண வாராவாரம் திருப்பதிக்கு அழைத்துப்போகிறாள். அவன் தேறமாட்டான் என்று தெருவுக்கே தெரியும், அவளுக்கும் தெரியும். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்றைக்கு இது உடைந்தால் நாளைக்கு அவளுடையதை யாராலும் தடுக்க முடியாது.

"ஒடைக்க வேணாம் அத்தை" என்றேன்.

மாமியார் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிறகு கல்லைக் கீழே போட்டாள். சங்கத்துப் பெண்கள் கை தட்டினார்கள். கையைத் தூக்கிக் காட்டச் சொல்லி யாரோ போட்டோ எடுத்தார்கள். தூக்கினேன்.

மத்தியானம் வீட்டில் நானும் மாமியாரும்தான். அவள் தெருக்கோடியில் மூத்த மகன் வீட்டில் இருப்பவள், எனக்குத் துணைக்கு வந்திருந்தாள். தெரு முழுக்கப் பவர்லூம் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. எங்கள் வீட்டுத் தறியை ஓட்டத்தான் இப்போது ஆள் இல்லை.

"அந்தக் கருமத்தை எதுக்கு வெச்சிக்கினே?" என்றாள். "ஒடச்சி ஒடச்சி வாங்கியாந்து மாட்டுவானே, அதுதானே இது? போவட்டும், இத்தோட உனக்கு நிம்மதின்னுதான் கல்லை எடுத்தேன்."

தெருவில் தறிகள் ஓடும் நேரத்தில்தான் அவன் அடிப்பான். அந்த இரைச்சலில் வெளியே எதுவும் கேட்காது என்று அவனும் நினைத்தான், நானும் நினைத்தேன்.

"உங்களுக்கு எப்டித் தெரியும்?"

"கரண்டு இருக்கசொல்ல எல்லார் தறியும் ஓடிக்கினு இருக்கும், உன் வூட்டுது மட்டும் நின்னுடும். நூல் அறுந்தா ரெண்டு நிமிஷத்துல முடிச்சிப் போட்டு ஓட்டிடுவான். அரை மணி நேரம் நின்னா அது நூல் இல்ல. இது தெரியாதவங்க இந்தத் தெருவுல யாரு கீறாங்க?"

"வந்து கதவைத் தட்டியிருக்கலாமே அத்தை."

"என் வூட்டுக் கதவை யாரு தட்டினாங்க?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. எழுந்துபோய் உலை வைத்தாள்.

சாயங்காலம் தேவசேனா அக்கா இட்லியோடு வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. போனை நீட்டினாள். "பாரு அகிலா, உன் போட்டோவை நாகலாபுரம் சங்கத்துல இருக்கிறவங்ககூட பார்த்துட்டு மெசேஜ் போட்டுக்கிறாங்க."

போட்டோவில் நான் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றிருந்தேன்.

"அக்கா, எங்க தறி நின்னா உங்க வூட்டுக்குக் கேக்குமா?"

அவள் சிரிப்பு நின்றது. போனை மடியில் கவிழ்த்தாள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கிற ஒற்றைச் செங்கல் சுவரைப் பார்த்தாள்.

"கேக்கும்" என்றாள்.

அழுகை வந்தது. அத்தனை நாளும் வராதது, அடக்க முடியாமல் வந்தது. துக்கம் இல்லை, கோபம். அவள் என் கையைப் பிடிக்க வந்தாள், நான் இழுத்துக்கொண்டேன். அந்த நேரம் பார்த்துக் கரண்டு போய், தெருவில் எல்லாத் தறியும் ஒன்றாக நின்றது. என் குரல் கோடிவரைக்கும் கேட்டிருக்கும். ஒருவழியாகப் புருஷனை நினைத்து அழுதுவிட்டாள், இனி தேறிவிடுவாள் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்களாம்.