அறுபது வினாடிக்கு ஒருமுறை

ஹைதராபாத் மாதாப்பூர் அலுவலகத்தில் ஜெஸ்ஸிக்குக் காலையிலிருந்தே இருப்புக்கொள்ளவில்லை. வைஃபை வழியாக டிவியில் வீடியோ காட்டும் அவர்களுடைய புதிய பெட்டி, நிமிடத்துக்கு ஒருமுறை படத்தை உறைய வைத்தது. யூசுப் எழுதிய சர்வரில்தான் கோளாறு என்று மீட்டிங்கில் அவள் அடித்துச் சொன்னதால், வெள்ளிக்கிழமையே அவனை அந்த வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

அதை நிரூபிக்கத்தான் காற்றில் போகும் டேட்டா பாக்கெட்டுகளை ஒரு லேப்டாப்பில் பிடித்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். சர்வர் ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. ஆனால் அறுபது வினாடிக்கு ஒருமுறை, ‘தூங்கப் போகிறேன், அனுப்பாதே’ என்று பெட்டியே ரவுட்டருக்குச் சொல்லிவிட்டு, வேறு நெட்வொர்க் தேடக் கிளம்பியது. பெட்டியின் வைஃபையை இயக்கும் டிரைவர் புரோகிராம் அவள் எழுதியது.

மறுபடியும் மூன்று முறை பிடித்துப் பார்த்தாள். அதேதான். எழுந்தாள், உட்கார்ந்தாள். தேடுவதை நிறுத்த ஒரு வரி சேர்த்ததும் வீடியோ ஒரு மணி நேரம் நிற்காமல் ஓடியது. யாரிடமும் சொல்லாமல்கூட இருந்துவிடலாம்.

மேனேஜரிடம் உண்மையைச் சொல்லிவிட்டு, கேன்டீனுக்குப் போய் யூசுபைப் பிடித்தாள். அவன் செகந்திராபாத் மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன்; தமிழில் ஹைதராபாத் உருது கலந்துவிடும்.

“தப்பு என்னோடது யூசுப். எல்லார்கிட்டயும் சொல்லிடறேன். திரும்பி வந்துடு.”

“நக்கோ ஜெஸ்ஸி, வேணாம். இப்ப சொன்னியே, அது பெருசு. ஆனா அன்னிக்கு எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?”

ஜெஸ்ஸி இருக்கைக்குத் திரும்பி டீம் முழுவதற்கும் மெயில் எழுதினாள். முதல் வரியை நான்கு முறை அழித்து, மாலைக்குள் அனுப்பிவிட்டாள்.